ஹோட்டல் துறையில் நீண்ட காலம் நிலைக்க: முதல் ஷிஃப்ட்டில் இருந்து நிர்வாகம் வரை முழுமையான வழிகாட்டி

இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு எடுத்து விற்க முடியாது. கடையில் சோப்பு விற்காவிட்டால் அலமாரியில் இருக்கும், அடுத்த வாரம் போகும். ஹோட்டல் அறையும், ரெஸ்டாரன்ட் மேசையும், கப்பலின் கேபினும் அப்படி இல்லை. பொழுது விடிந்தால் அந்த வருமானம் போனது போனதுதான். ஹோட்டல் வேலை ஏன் இப்படி இருக்கிறது என்று புதிதாக வருபவர்கள் கேட்கும்போது நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். ஊரே விடுமுறையில் இருக்கும்போது நமக்கு வேலை இருப்பது, சீசனில் வார விடுப்பு தள்ளிப்போவது, நடுராத்திரியிலும் ஒருவர் சிரித்த முகத்தோடு கவுன்டரில் நிற்பது, கூட்டம் குறைந்தால் முதலில் தற்காலிக ஆட்களை நிறுத்துவது எல்லாமே இந்த ஒரு காரணத்தில் இருந்து வருகிறது.

பெட்டி தூக்கும் பெல் டெஸ்க்கில் ஆரம்பித்து, ஃப்ரன்ட் ஆஃபீஸ், ஹவுஸ்கீப்பிங், அப்புறம் நிர்வாகம் என்று இருபது வருடங்களுக்கு மேல் இந்தத் துறையில் இருக்கிறேன். என்னோடு சேர்ந்தவர்களில் பலர் முதல் மூன்று வருடத்துக்குள் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நிறைய உண்டு. நிலைத்தவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்த்தேன்: தன் வேலையை அடிமட்டம் வரை கற்றார்கள், அதோடு நிற்காமல் அந்த வேலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் கற்றார்கள். முதலாவதை மட்டும் கற்றவர்கள் நல்ல ஊழியர்களாகவே களைத்துப் போனார்கள். இரண்டாவதை மட்டும் கற்றவர்களைக் கீழே இருப்பவர்கள் நம்பவில்லை.

முதல் படி: எந்த வாழ்க்கை வேண்டும் என்று பாருங்கள்

சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அந்த டிபார்ட்மென்ட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேளுங்கள். ஃப்ரன்ட் ஆஃபீஸில் மூன்று ஷிஃப்ட் சுழலும், இரவு வேலை தவிர்க்க முடியாது. ஹவுஸ்கீப்பிங்கில் பெரும்பாலும் பகல் வேலை, ஆனால் முதுகுக்கும் முழங்காலுக்கும் சோதனை. ரெஸ்டாரன்ட்டிலும் கிச்சனிலும் பல இடங்களில் பிரேக் ஷிஃப்ட் உண்டு. காலையில் வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தை முடித்து, நடுவில் மூன்று நான்கு மணி நேரம் விட்டு, மறுபடி இரவு வர வேண்டும். வீடு தூரமாக இருந்தால் அந்த இடைவெளி ஸ்டாஃப் ரூமில்தான் கழியும். சேல்ஸ், ரெவென்யூ, அக்கவுன்ட்ஸ், பர்ச்சேஸ், மனிதவளம் ஆகியவை அலுவலக நேரத்துக்கு ஓரளவு பக்கம்.

ஹோட்டலுக்கு வெளியேயும் இதே திறமைக்கு இடம் இருக்கிறது: பயணக் கப்பல், விமான கேட்டரிங், மருத்துவமனைகளின் விருந்தினர் சேவை, மாநாட்டு அரங்கம், சர்வீஸ் அபார்ட்மென்ட், பெரிய அலுவலகங்களின் உணவுக்கூடம்.

படிப்பில் பணம் போடுவதற்கு முன், ஏதாவது ஒரு பேங்க்வெட்டில் நாள் கூலிக்கு நான்கு ஐந்து முறை வேலை செய்துவிடுங்கள். முந்நூறு பேர் விருந்து முடிந்து, நாற்காலிகளை அடுக்கி, கண்ணாடி டம்ளர்களைத் துடைத்து வைத்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும்போது கால் வலிக்கும். அந்த வலியோடு 'மறுபடி போகலாம்' என்று தோன்றினால் வாருங்கள். தோன்றாவிட்டால், அதைக் குறைந்த செலவில் தெரிந்துகொண்டீர்கள்.

இரண்டாம் படி: படித்துவிட்டு வருவதா, நேரடியாகச் சேர்வதா

இரண்டு வழியும் உண்மையில் வேலை செய்யும். சுவிட்சர்லாந்தின் லோசானில் 1893இலேயே ஹோட்டல் பள்ளி தொடங்கிவிட்டார்கள்; அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1922இல் ஹோட்டல் நிர்வாகப் படிப்பு வந்தது. ஆனால் துறையை உருவாக்கியவர்களில் பலர் கீழிருந்து வந்தவர்கள். சீசர் ரிட்ஸ் சுவிஸ் மலைக் கிராமத்தின் விவசாயக் குடும்பத்தில் பிறந்து ஒயின் பரிமாறக் கற்ற பையன். 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறையோடு ஹோட்டல் திறந்த எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர், சிறுவனாகப் பெல் பாய் வேலையில் ஆரம்பித்தவர்.

பட்டம் எங்கே உதவும்? மேனேஜ்மென்ட் டிரெய்னி வேலைக்கு, வெளிநாட்டு விசாவுக்கு, பத்து வருடம் கழித்து ஜெனரல் மேனேஜர் பட்டியலில் பெயர் வரும்போது. ஆரம்ப வேலைக்கு அது கட்டாயம் இல்லை. வேலையில் சேர்ந்துவிட்டு பிறகு தொலைதூரக் கல்வியில் முடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், டிரெய்னிங் கிச்சனில் பளபளக்கும் அடுப்பையும் பார்க்காதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன் அங்கே படித்து முடித்த மூன்று நான்கு பேரைத் தேடிப் பிடித்து, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். இன்டர்ன்ஷிப் எத்தனை மாதம், அதில் எத்தனை டிபார்ட்மென்ட் பார்க்க விட்டார்கள் என்றும் கேளுங்கள். ஆறு மாதமும் ஒரே பேங்க்வெட் ஹாலில் தட்டு தூக்க வைத்திருந்தால் அது பயிற்சி ஆகாது.

மூன்றாம் படி: முதல் இரண்டு வருடம், ஒரே டிபார்ட்மென்ட்

இந்தக் கட்டத்தில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம். ஆறு மாதத்தில் போர் அடிக்கிறது என்று மாற்றம் கேட்பார்கள். தயவுசெய்து பொறுங்கள். ஒரு வேலையை ஏன் அப்படிச் செய்கிறோம் என்று ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்லத் தெரியும் வரை அந்த வேலை நமக்குத் தெரியாது.

கெஸ்ட் காலி செய்த அறையைத் தயார் செய்வதையே எடுத்துக்கொள்வோம். விரல் மூட்டால் கதவைத் தட்டி, ஹவுஸ்கீப்பிங் என்று சொல்லி, சில நொடி நிற்க வேண்டும். பதில் இல்லை என்றால் மறுபடி ஒரு முறை. ரிசப்ஷன் 'காலி' என்று காட்டினாலும் உள்ளே ஆள் இருந்த அனுபவம் இந்த வேலையில் எல்லோருக்கும் ஒரு தடவையாவது உண்டு. உள்ளே போனதும் திரையை விலக்கி, எல்லா விளக்கையும் போட வேண்டும். எரியாத பல்ப் அப்போதே தெரிந்துவிடும், பராமரிப்பு ஆள் வந்து போக நேரம் கிடைக்கும். படுக்கை விரிப்புகளை மொத்தமாகச் சுருட்டக் கூடாது, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டும். மோதிரம், காதணி, மூக்குக்கண்ணாடி எல்லாம் லாண்டரிக்குப் போய்த் தொலைவது அந்த ஒரு சுருட்டலில்தான்.

அடுத்து குளியலறையில் கிருமிநாசினியைத் தெளித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். லேபிளில் போட்டிருக்கும் நிமிடங்கள் வரை அது ஈரமாகவே இருந்தால்தான் கிருமி சாகும். தெளித்த கையோடு துடைத்தால் வாசனை மட்டும்தான் மிஞ்சும். அந்த நிமிடங்களில் கட்டிலைப் போட்டுவிடலாம். தூசி துடைப்பது கதவில் ஆரம்பித்து ஒரே திசையில் சுற்றி, மேலிருந்து கீழாக. அப்போதுதான் எதுவும் விட்டுப்போகாது. வாக்குவம் ஜன்னல் பக்கம் ஆரம்பித்துக் கதவு நோக்கிப் பின்னால் வர வேண்டும், நம் காலடித் தடம் கார்ப்பெட்டில் நிற்காது. கடைசியாக, கெஸ்ட் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். நிற்கும்போது தெரியாத தூசி, மேசையின் அடிப்பக்கம் ஒட்டிய சூயிங்கம், ஏசி காற்றுவழியில் படிந்த கறுப்பு எல்லாம் அங்கிருந்து தெரியும்.

பல ஹோட்டல்களில் ஒருவர் ஒரு ஷிஃப்ட்டில் 12 முதல் 16 அறை வரை இப்படி முடிக்கிறார். நீங்கள் பிறகு ஜெனரல் மேனேஜர் ஆனாலும், ஒரு ஆளுக்கு இரண்டு அறை கூட்டினால் என்ன நடக்கும் என்பது இதைக் கையால் செய்தவருக்குத்தான் தெரியும்: முதலில் விட்டுப்போவது அந்தக் கிருமிநாசினியின் காத்திருப்பு நேரம்.

கிச்சனிலும் இதே கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பிரெஞ்சு ஷெஃப் எஸ்கோஃபியே ஒழுங்குபடுத்திய பிரிகேட் என்ற படிநிலை முறைதான் இன்றும் பெரிய கிச்சன்களில் ஓடுகிறது. கீழிருந்து மேலாக: காமி (ஆரம்ப நிலைச் சமையல்காரர்), டெமி ஷெஃப், ஷெஃப் த பார்ட்டி, சூ ஷெஃப், எக்ஸிகியூட்டிவ் ஷெஃப். ஒவ்வொரு படியையும் தாண்ட, முந்தைய படியில் தூங்கி எழுந்தாலும் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். அப்புறம் பாதுகாப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை எளிமையானது: குளிர்ச்சியாக வைப்பது 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, சூடாக வைப்பது 60 டிகிரிக்கு மேலே, சமைக்கும்போது உள்பக்கம் 70 டிகிரியாவது தொட வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில்தான் பாக்டீரியா வேகமாகப் பெருகும். 1960களில் விண்வெளி வீரர்களுக்கான உணவுக்காக உருவான ஹெச்ஏசிசிபி முறை (உணவில் ஆபத்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கண்டு கட்டுப்படுத்துவது) இன்று எல்லாப் பெரிய கிச்சனுக்கும் அடிப்படை. தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் காமியைச் சமையல்காரர்கள் கவனிப்பார்கள்.

லாக் புக் எழுதும் பழக்கம்

இதற்குத் தனி இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் நான் இதை வலியோடு கற்றேன். முதல் வருடம், இரவு ஷிஃப்ட். ஒரு மணி வாக்கில் ஒரு கெஸ்ட் போன் செய்து, காலை 4.15க்கு எழுப்பிவிடச் சொன்னார். கையில் கிடைத்த துண்டுச் சீட்டில் அறை எண்ணையும் நேரத்தையும் எழுதிச் சட்டைப் பையில் போட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் தாமதமாக வந்து சேர்ந்தது, அவர்களுடைய புக்கிங்கில் குழப்பம். அதைச் சரி செய்வதற்குள் சீட்டு மறந்துபோனது. காலை ஆறு மணிக்கு அவர் லிஃப்ட்டில் இருந்து இறங்கி வந்தார். கத்தவில்லை. "உங்களிடம்தானே சொன்னேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். சீட்டு அப்போதும் என் பையில்தான் இருந்தது. மேனேஜர் அடுத்த விமானத்துக்கு ஹோட்டல் செலவில் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதில் இருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: போனை வைப்பதற்கு முன்னால் லாக் புக்கில் எழுதிவிட வேண்டும். என்ன, எந்த அறை, எத்தனை மணி, யார் கேட்டது, யார் எடுத்தது, முடிந்ததா. ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது அடுத்தவரோடு சேர்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்து, முடியாதவற்றுக்குப் பக்கத்தில் அவர் பெயரை எழுத வேண்டும். இன்று இதெல்லாம் கம்ப்யூட்டரிலும் டேப்லெட்டிலும் வந்துவிட்டது. கருவி எதுவானாலும் ஒழுங்கு இதுதான். அதோடு உங்களுக்கென்று சின்ன நோட்டு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது வருடம் யாராவது நேர்முகத் தேர்வில் 'கஷ்டமான சூழ்நிலை ஒன்று சொல்லுங்கள்' என்று கேட்டால், உங்களிடம் முப்பது இருக்கும்.

நான்காம் படி: புகாரைக் கையாளக் கற்பது

குறுக்கே பேசாமல் முழுதாகக் கேளுங்கள். கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். அப்புறம் நேரம் சொல்லுங்கள், இதுதான் பெரும்பாலானவர்கள் விடும் இடம். ஏசி வேலை செய்யவில்லை என்று போன் வந்தால் 'பார்க்கச் சொல்கிறேன் சார்' என்பது பதில் ஆகாது. 'பத்து நிமிடத்தில் டெக்னீஷியன் வருவார், பதினைந்தாவது நிமிடம் நானே உங்களுக்குப் போன் செய்கிறேன்' என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்தில், சரியாகாவிட்டாலும், போன் செய்யுங்கள். வேறு அறை தயாராக இருக்கிறது என்று அப்போது சொல்லலாம். தன்னை மறக்கவில்லை என்று தெரிந்தாலே கெஸ்ட்டின் கோபத்தில் பெரும்பகுதி இறங்கிவிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு ஈடு கொடுக்கலாம் என்பதை வேலையில் சேர்ந்த முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரிட்ஸ்-கார்ல்டன் தன் ஊழியர்களுக்கு, மேலதிகாரியைக் கேட்காமலே ஒரு கெஸ்ட்டுக்காக 2,000 டாலர் வரை செலவிட அதிகாரம் கொடுத்ததற்காகப் பேர் பெற்றது. உங்கள் ஹோட்டலில் அந்த எல்லை ஒரு டெசர்ட்டாக இருக்கலாம். அதுவும் எல்லைதான், தெரிந்திருந்தால் தயங்காமல் கொடுக்கலாம்.

மிரட்டுவதையும் தொல்லை கொடுப்பதையும் புகாரோடு சேர்க்காதீர்கள். தகாத பேச்சு, தொடுதல், அறைக்குள் தனியாக அழைப்பது ஆகியவை நடந்தால் உடனே வெளியே வந்து மேலதிகாரியிடம் சொல்லி, எழுத்தில் பதிவு செய்யுங்கள். கெஸ்ட் சொல்வதெல்லாம் சரி என்ற பேச்சு இங்கே செல்லாது. பக்கபலமாக நிற்காத நிர்வாகம் என்றால் அந்த இடத்தை விட்டு விலகுவது கேரியருக்கு நஷ்டம் ஆகாது.

ஐந்தாம் படி: கணக்கு

மேலே வருபவர்களையும் அங்கேயே நிற்பவர்களையும் பிரிப்பது பெரும்பாலும் இதுதான். கணக்கு என்றவுடன் பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

மூன்று சொற்களில் ஆரம்பியுங்கள். ஆக்குபன்சி என்பது இருக்கும் அறைகளில் எத்தனை சதவீதம் விற்றது. ஏடிஆர் என்பது விற்ற அறைகளின் சராசரி வாடகை. ரெவ்பார் என்பது இருக்கும் எல்லா அறைகளுக்கும் பங்கிட்டுப் பார்த்த அறை வருமானம். முதல் இரண்டையும் பெருக்கினால் வந்துவிடும். நூறு அறை உள்ள இரண்டு ஹோட்டல்கள். ஒன்றில் 80 அறை விற்றது, சராசரி வாடகை 50. ரெவ்பார் 40. இன்னொன்றில் 60 அறைதான் விற்றது, ஆனால் சராசரி 70. ரெவ்பார் 42. லாபியில் கூட்டத்தைப் பார்த்தால் முதல் ஹோட்டல்தான் கொழிப்பதுபோல் தெரியும். இரண்டாவது ஹோட்டலோ இருபது அறையைச் சுத்தம் செய்யாமல், இருபது செட் விரிப்பைத் துவைக்காமல், அதிகம் சம்பாதித்துவிட்டது. இது புரிந்த நாளில் ரிசப்ஷனில் நிற்பவரின் பார்வையே மாறும். தள்ளுபடி கேட்கும் கெஸ்ட்டிடம் ஏன் சில நாள் 'முடியாது' என்றும் சில நாள் 'தருகிறேன்' என்றும் மேலே இருந்து சொல்கிறார்கள் என்பது விளங்கும். தேவைக்கு ஏற்றபடி விலையை மாற்றும் இந்த முறை 1980களில் விமான நிறுவனங்களிடம் இருந்து ஹோட்டல்களுக்கு வந்தது. இன்று ரெவென்யூ மேனேஜர் என்பது தனி உத்தியோகம், நல்ல உத்தியோகம்.

ஆன்லைன் ஏஜென்ட் வழியாக வரும் புக்கிங்கில் ஒரு பங்கு கமிஷனாகப் போகிறது. அதே வாடகைக்கு நேரடியாக புக் செய்த கெஸ்ட்டிடம் இருந்து முழுத் தொகையும் வரும். அடுத்த முறை நேரடியாக வரும்படி ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைத்தால், நீங்கள் சேல்ஸ் வேலை செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சாப்பாட்டுப் பக்கம் ஃபுட் காஸ்ட். மாத ஆரம்ப ஸ்டாக்கோடு வாங்கியதைக் கூட்டி, மாத முடிவில் மிஞ்சியதைக் கழித்து, விற்பனையால் வகுத்தால் சதவீதம் வரும். ஆனால் சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். 80க்கு விற்கும் ஒரு பதார்த்தத்தில் 25 சதவீதம் செலவு என்றால் கையில் நிற்பது 60. 200க்கு விற்பதில் 40 சதவீதம் செலவானாலும் நிற்பது 120. செலவு சதவீதம் அதிகமான இரண்டாவதுதான் அதிகம் தருகிறது. ரெஸ்டாரன்ட்டில் ஆர்டர் எடுக்கும் கேப்டன் ஒருவருக்கு இது தெரிந்தால், மேசையில் எதைச் சிபாரிசு செய்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இதையெல்லாம் எங்கே கற்பது? என்னைக் கேட்டால் நைட் ஆடிட், அதாவது அன்றைய கணக்கை இரவில் சரிபார்த்து முடிக்கும் வேலை. யாரும் விரும்பாத ஷிஃப்ட் அது. ஆனால் அந்த நாளின் எல்லா டிபார்ட்மென்ட் வருமானமும், விட்டுப்போன பில்லும், தப்பாகப் போட்ட வாடகையும் அந்த இரவு உங்கள் கண் முன்னால் ஒன்றுசேரும். ஆறு மாதம் செய்தால் ஹோட்டல் முழுக்கத் தெரிந்துவிடும். 1926இல் நியூயார்க்கில் ஹோட்டல்காரர்கள் வகுத்த பொதுக் கணக்கு முறை இன்றும் திருத்தப்பட்டு பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது; அதனால் ஒரு ஹோட்டலின் லாப நஷ்ட அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர் வேறு கண்டத்திலும் படிப்பார்.

ஆறாம் படி: எப்போது நகர வேண்டும்

ஒரே வேலையில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை என்று ஆறு மாதமாகத் தோன்றினால், முதலில் உள்ளேயே கிராஸ் டிரெய்னிங் கேளுங்கள். வார விடுப்பில் ஒரு பாதியைக் கொடுத்து வேறு டிபார்ட்மென்ட்டைப் பார்க்கும் ஆளை எந்த மேனேஜரும் மறக்க மாட்டார். பதவி உயர்வு இல்லாமல் சம்பளத்துக்காக மட்டும் வருடத்துக்கு ஒரு ஹோட்டல் தாவுவது முதல் இரண்டு தடவை லாபம் தரும். மூன்றாவது தடவை, பேட்டி எடுப்பவர் உங்கள் பயோடேட்டாவைப் பார்த்து 'இவரும் போய்விடுவார்' என்று முடிவு செய்வார்.

கேரியரில் ஒரு முறையாவது திறக்கப்போகும் ஹோட்டலில் சேருங்கள். ப்ரீ-ஓப்பனிங் என்பார்கள். தட்டு எத்தனை வாங்குவது, விரிப்பு ஒரு கட்டிலுக்கு எத்தனை செட் வைப்பது (ஒன்று கட்டிலில், ஒன்று லாண்டரியில், ஒன்று ஷெல்ஃபில், குறைந்தது மூன்று), எஸ்ஓபி (ஒவ்வொரு வேலையையும் செய்யும் முறையை எழுதி வைப்பது) எப்படி எழுதுவது, முன்பின் அனுபவம் இல்லாத நாற்பது பேரை எப்படித் தயார் செய்வது என்று, ஓடுகிற ஹோட்டலில் ஐந்து வருடம் இருந்தாலும் கிடைக்காத பாடங்கள் அங்கே ஒரு வருடத்தில் கிடைக்கும். உடம்பை உருக்கும் வேலை, அதனால் அடுத்தடுத்து எடுக்க வேண்டாம்.

வாசலில் பெரிய பிராண்ட் பெயர் இருந்தாலும் பெரும்பாலும் கட்டடம் அந்த பிராண்டுக்குச் சொந்தம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உரிமையாளர் ஒருவர், நடத்துவது இன்னொருவர், பெயர் வாடகைக்கு. ஜெனரல் மேனேஜர் இரண்டு எஜமானர்களுக்குப் பதில் சொல்கிறார்: பிராண்ட் தரத்தைக் கேட்கும், உரிமையாளர் லாபத்தைக் கேட்பார். உங்கள் வேலைக் கடிதத்தில் யார் கையெழுத்து என்று பாருங்கள். ஒப்பந்தம் முடிந்து பிராண்ட் மாறினால் உங்கள் சீனியாரிட்டி யாரோடு போகும் என்பது அதில்தான் இருக்கிறது.

வெளிநாடும் கப்பலும்

போகலாம், நிறையக் கற்கலாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் இருந்து மட்டும் விலகுங்கள். கப்பல் வேலைக்கு, 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலை தேடித் தருவதற்காக ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றே சொல்கிறது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட் போன்ற சொந்த ஆவணச் செலவு மட்டும் ஊழியருடையது. ஓய்வைப் பற்றிய அதன் விதி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, 7 நாளில் குறைந்தது 77 மணி. அடிப்படைக் கடல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வேண்டும். மாதக் கணக்கில் விடுப்பே இல்லாமல் ஓடும் ஒப்பந்தம் என்பதை வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை வருடம் போவது, எவ்வளவு சேர்ப்பது, திரும்பி வந்து எந்தப் பதவியில் உட்காருவது என்று போகும் முன்பே எழுதி வையுங்கள். இந்தத் திட்டம் இல்லாமல் போனவர்கள் பத்து வருடம் கழித்தும் அதே பதவியில் அடுத்த ஒப்பந்தத்துக்குக் காத்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

சான்றிதழ்கள்

கதவு திறக்கும் சான்றிதழுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். உணவுப் பாதுகாப்புச் சான்று கிச்சனிலும் சர்வீஸிலும் எங்கேயும் செல்லும். ஒயின் பக்கம் போகிறவர்களுக்கு 1969இல் லண்டனில் தொடங்கிய டபிள்யூஎஸ்இடி என்ற ஒயின் கல்வி அமைப்பின் நான்கு நிலைத் தேர்வுகள் உலக அளவில் ஏற்கப்படுகின்றன. கன்சியர்ஜ் வேலையில் (லாபியில் இருந்து கெஸ்ட்டின் தேவைகளை ஏற்பாடு செய்து தருவது) 1929இல் பாரிஸில் தொடங்கிய லே கிளெஃப் டோர் என்ற கன்சியர்ஜ் சங்கத்தின் தங்கச் சாவிகளைக் கோட் காலரில் அணிவது பெரிய மரியாதை. அது பரீட்சை எழுதி உடனே வாங்குவது அல்ல, லாபியில் வருடக்கணக்கான அனுபவம் வேண்டும். மற்றபடி வார இறுதிப் பயிலரங்குச் சான்றுகளை யாரும் படிப்பதில்லை. அந்தப் பணத்தில் இன்னொரு மொழி கற்றால் முதல் நாளே பலன் தெரியும்.

ஏழாம் படி: சூப்பர்வைசர் ஆன மறுநாள்

நேற்று வரை ஒன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு இன்று நீங்கள் ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல், போட வேண்டும். உங்களை நல்லவர் என்றோ மோசமானவர் என்றோ அவர்கள் முடிவு செய்வது அந்த ஒரு தாளை வைத்துத்தான். கடந்த மூன்று மாதத்தில் பண்டிகை நாளில் யார் யார் வேலை செய்தார்கள், யாருக்கு எத்தனை இரவு ஷிஃப்ட் விழுந்தது என்று கணக்கு வைத்து, அந்தக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். இரவு 11க்கு முடித்தவரை மறுநாள் காலை 7க்கு அழைக்காதீர்கள். ரோஸ்டரை ஒரு வாரம் முன்னாலாவது கொடுங்கள். தப்பைத் தனியாகச் சொல்லுங்கள், நல்லதை பிரீஃபிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். ஆள் நிலைத்திருக்கும் டிபார்ட்மென்ட்டை வைத்திருக்கும் சூப்பர்வைசரைத்தான் அடுத்த பதவிக்குத் தேடுவார்கள், ஏனென்றால் ஆள் மாறிக்கொண்டே இருப்பதுதான் இந்தத் துறையின் பெரிய செலவுகளில் ஒன்று.

எட்டாம் படி: உடம்பும் சேமிப்பும்

மறுபடி சீசர் ரிட்ஸைப் பற்றிச் சொல்கிறேன். 1898இல் பாரிஸில் தன் பெயரிலேயே ஹோட்டல் திறந்தவர், லண்டனில் கார்ல்டன் ஹோட்டலையும் நடத்தினார். 1902 ஜூனில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வாரக்கணக்கில் ஓய்வில்லாமல் தயார் செய்தார். மன்னருக்கு அறுவை சிகிச்சை வேண்டியிருந்ததால் விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது தள்ளிவைக்கப்பட்டது. செய்தி வந்த அன்றே ரிட்ஸ் உடைந்து விழுந்தார். வயது 52. அதில் இருந்து அவர் முழுதாக மீளவே இல்லை, 1918இல் இறந்தார். ஹோட்டல்காரர்களின் ராஜா என்று அழைக்கப்பட்டவருக்கே அந்த நிலை.

அதனால் சின்ன விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். ஷூவுக்குக் கஞ்சத்தனம் கூடாது: வழுக்காத அடி, கொஞ்சம் அகலமான முன்பகுதி, இரண்டு ஜோடி மாற்றி மாற்றி. மெத்தையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து போகும்போது வெயிலில் நின்று அரட்டை வேண்டாம். அறையை இருட்டாக்கி, போனை அணைத்துத் தூங்குங்கள். சாப்பாட்டுக்கு நடுவில் வேலை செய்யும் நாம்தான் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, இதைப் பழக்கமாக்கிவிட்டால் வயிறு பத்து வருடத்தில் பில் அனுப்பும். ஷிஃப்ட் முடிந்ததும் குடித்தால்தான் தூக்கம் வரும் என்ற நிலைக்கு வந்த நண்பர்களை இழந்திருக்கிறேன். அந்த முதல் அறிகுறியிலேயே யாரிடமாவது பேசுங்கள்.

பணத்தில், அடிப்படைச் சம்பளத்துக்குள் குடும்பம் ஓட வேண்டும். டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் சேமிப்புக்குப் போகட்டும், ஏனென்றால் கூட்டம் குறைந்தால் முதலில் நிற்பது அவைதான். 2020இல் உலகமெங்கும் ஹோட்டல்கள் மூடப்பட்டபோது, ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருந்தவர்கள் துறைக்குத் திரும்பி வந்தார்கள். வைத்திருக்காத பலர் கிடைத்த வேலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

பதினைந்து வருடத்துக்கு அப்புறம்

எல்லோரும் ஜெனரல் மேனேஜர் ஆக வேண்டியதில்லை. பயிற்சியாளர், ரெவென்யூ, பர்ச்சேஸ், தர ஆய்வு, உரிமையாளர் தரப்பில் சொத்து நிர்வாகம், ஹோட்டல் சாஃப்ட்வேர் நிறுவனங்கள் என்று, கால் ஓய்வு கேட்கும் வயதில் அனுபவத்துக்கு விலை கொடுக்கும் வேலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு நாற்பது வயதில் தயாராக ஆரம்பித்தால் தாமதம், முப்பத்தைந்தில் ஒரு காலை அந்தப் பக்கம் வையுங்கள். சொந்தமாக ரெஸ்டாரன்ட் திறக்க நினைப்பவர்கள், வாடகை, சம்பளம், பொருள் செலவு மூன்றையும் வருமானமே இல்லாமல் ஆறு மாதம் தாங்க முடியுமா என்று எழுதிப் பாருங்கள். அதற்கு முன் ஒரு வருடமாவது வேறொருவர் கடையின் மாதக் கணக்கை முழுப் பொறுப்போடு பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பலர் விட்டுவிட்டு பிறகு அலைவது. ஒவ்வொரு ஹோட்டலை விட்டுப் போகும்போதும் கடைசி நாளிலேயே அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிவிடுங்கள்: பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிச் சம்பளம். ஹோட்டல்கள் கை மாறும், பெயர் மாறும், மனிதவளப் பிரிவில் இருந்தவர்களும் போய்விடுவார்கள். நான் பெல் டெஸ்க்கில் இருந்த ஹோட்டல் இன்று மூன்றாவது பெயரில் ஓடுகிறது. அங்கே நான் வேலை செய்ததற்கு இன்று மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி என் ஃபைலில் இருக்கும் அந்த ஒரு தாள்தான்.